கேட்ட உடனே ஓம் எண்டு சொல்லாத ஊருக்கு ஒரு இங்கிலிஷ் சேர்

இங்கிலிஷ் படிப்பிக்கிற தொழில் எண்டது, மருந்துப் போத்தலை வாசிச்சுக் காட்டுறதுல தொடங்கி, கலியாண வீட்டுல மாப்பிள்ளைட வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் பக்கத்துல புடிச்சுக் குந்த வைக்கிறது வரைக்கும் நீளும். நடுவுல கொஞ்ச நேரம் பள்ளிக்கூடமும் இருக்கு. இந்தத் தொழில்ல மாட்டிக்கிட்ட சேர்மாரே, டீச்சர்மாரே, உங்களுக்குத் தெரியாததா? சயன்ஸ் சேர்ட்ட வந்து ஆரும் "எங்கட மாட்டுக்கு என்ன வருத்தம்" எண்டு கேக்கிறதில்ல. எங்கள மட்டும் டீவி ரிமோட்டுல இருந்து விசாப் பேப்பர் வரைக்கும் கூப்பிடுவாங்க. நான் இந்த வேலைக்கு வந்து முழுசா ஒரு வருசம். "முழுசா" எண்ட சொல்லு என்ட வாழ்க்கையில வாறது இதுதான் முதல் தரம். அதால கொஞ்சம் பெருமையாவே சொல்லுறன், பொறுத்துக்கங்க.

ஒரே ஒரு வெள்ளைச் சேட்டு

எங்கட பள்ளிக்கூடம் மாம்புரிப் பக்கம். முந்தி இருந்த இங்கிலிஷ் டீச்சர் மாற்றம் எடுத்துக்கிட்டுப் போன பிறகு அந்தக் கதிரையில தூசிதான் குந்தியிருந்திச்சு. நான் கொழும்புல படிக்கப் போன படிப்பைப் பாதியில போட்டுட்டு, கற்பிட்டியில ஹோட்டல் வேலைக்குப் போய் அதையும் பாதியில போட்டுட்டு, நுரைச்சோலைச் சந்தியில ஒரு ஃபோன் கடையில நிண்டன். எங்கட ஊருப் பள்ளிக்கூட அதிபர் ஒரு நாள் ஃபோன் கவர் வாங்க வந்தார். நான் ஒரு வெள்ளைக்காரனோட கதைக்கிறதக் கேட்டுட்டு, கவரோட சேர்த்து என்னையும் வாங்கிக்கிட்டுப் போனார்.

வேலை நிரந்தரம் இல்ல. பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கம் வச்சிருக்கிற தொண்டர் ஆசிரியர். அதிபர் மெதுவாக் கதைக்கிற மனுசன், என்னையும் "சேர்" எண்டுதான் கூப்பிடுவார். "ஆங்கில தினப் போட்டியில கல்வி வலயத்துல ஒரு இடம் எடுத்துக் காட்டுங்க சேர், வாற வருசமும் வச்சிக்குவாங்க. இல்லாட்டி இந்த வருசத்தோட சரி" எண்டார். நான் வீட்ட போய் உம்மாட்ட விசயத்தச் சொன்னன். உம்மா சந்தோசப்பட்டு, கடைக்குப் போய் வெள்ளைச் சேட்டு ஒண்டு வாங்கி வந்தா. ஒண்டே ஒண்டு. கிழமையில அஞ்சு நாள் பள்ளிக்கூடம், ரெண்டு எடுத்திருக்கலாமே எண்டன். உம்மா சேட்டை மடிச்சுக்கிட்டே சொன்னா: "ரெண்டாவது எதுக்கு மகன்? முதலாவது அழுக்காக முந்தி நீ ஓடி வந்திருவாய்."

இங்கிலிஷ்ல மட்டும் இருக்கிற நாய்

முதலாம் தவணைப் பரீட்சைக்கு "என்ட செல்லப் பிராணி" எண்டு ஒரு கட்டுரை போட்டன். எட்டாம் ஆண்டு முழுக்க ஒரே கட்டுரை எழுதியிருக்கு. எல்லார் வீட்டிலயும் ஒரு நாய். எல்லா நாய்க்கும் பேர் ரெக்ஸ். நிறம் மண்ணிறம். பின்னேரத்துல எல்லா ரெக்ஸும் வாலை ஆட்டிக்கிட்டுப் பந்து பொறுக்கப் போகுது. பழைய டீச்சர் பாடமாக்கிக் குடுத்துட்டுப் போனதாம்.

எங்கட ஊருல வாசல்ல ஒரு நாய் வந்து நிண்டாலே செருப்பு முதல்ல பறக்கும், உம்மாமார்ட சத்தம் பின்னால வரும். ஆட்டைப் பத்தி எழுதியிருக்கலாம், கோழியைப் பத்தி எழுதியிருக்கலாம். கடைசி வாங்கில குந்துற ரிஸ்வானை எழுப்பி, "உண்மையச் சொல்லு, உங்கட வீட்டுல நாய் இருக்கா?" எண்டு கேட்டன். அவன் பயந்து போய் நாலு பக்கமும் பார்த்துட்டுச் சொன்னான்: "அல்லாவே, இல்ல சேர். இங்கிலிஷ்ல மட்டும்தான் இருக்கு."

நல்ல கை

வெங்காயம் பிடுங்குற காலம் வந்தா வகுப்புல நானும் கரும்பலகையும்தான். ஒரு நாள் பொறுக்க ஏலாம சைக்கிளை எடுத்துக்கிட்டு தோட்டத்துக்கே போனன். என்ட எட்டாம் ஆண்டு முழுக்க பாத்தியில குந்தியிருக்கு. "எல்லாரும் எழும்புங்க, பள்ளிக்கூடம் போவம்" எண்டு ஒரு அதட்டுப் போட்டன். தோட்டத்துக்காரர் சிரிச்சுக்கிட்டே, "ஓம் சேர், கூட்டிக்கிட்டுப் போங்க. இந்தப் பாத்தி முடிஞ்ச உடனே" எண்டார். நிண்ட நேரத்துக்கு ஒரு கை குடுப்பம் எண்டு நானும் குந்தினன்.

அந்தப் பாத்தி முடிஞ்சிச்சு. பக்கத்துப் பாத்தியும் முடிஞ்சிச்சு. வெங்காயத்துக்கு, மண்ணுக்கு, வாளிக்கு, முதுகு நோவுக்கு எல்லாத்துக்கும் இங்கிலிஷ் சொல்லிக் குடுத்தன். முதுகு நோவுக்குரியதத்தான் புள்ளைகள் கெதியாப் பிடிச்சுதுகள். உம்மா அண்டைக்கு சேட்டை மூணு தரம் தோய்ச்சா. தோட்டத்துக்காரர் நான் போகக்குள்ள ஒரு கட்டு வெங்காயத்த சைக்கிள்ல வச்சுட்டுச் சொன்னார்: "படிப்பிக்கிறது எப்படியோ தெரியா, பிடுங்குறதுல நல்ல கை சேர். போட்டியில தோத்தா நேரா இங்க வாங்க."

மொளகாத்தூள் காணாத பாசை

சோளகக் காத்து எழும்பினா, பட்டத்தப் புடிச்சுக்கிட்டு தண்ணிக்கு மேல சறுக்குற வெள்ளைக்காரன்கள் வருவான்கள். ஒரு நாள் பாடம் நடக்கக்குள்ள ஜன்னல்ல ஒரு தலை. எங்கட ஜவ்பர் மாமா. "மருமகன், கெதியா வாங்க. ஒருத்தன் வலைக்கு மேல வந்து விழுந்துட்டான். அவன ஏசணும்" எண்டார். அதிபரும் போயிட்டு வாங்க எண்டு தலையாட்டிட்டார், அவருக்கும் வலையில பங்கு இருக்கு.

கரையில அந்த வெள்ளைக்காரன் நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறான். மாமா தொடங்கினார். "இது என்ன உன்ட வாப்பாட கடலா எண்டு கேளுங்க!" நான் இங்கிலிஷ்ல, "உங்கட வாப்பா சுகமா எண்டு கேக்கிறார்" எண்டன். அவன் உருகிப் போனான். வாப்பாவுக்கு இடுப்பு ஒப்பரேஷன் செஞ்ச கதைய முழுசாச் சொன்னான். மாமா, "இன்னொருக்கா வந்தா கண்ணைத் தோண்டுவன் எண்டு சொல்லுங்க!" எண்டார். நான், "வெயில் கூட, கண்ணைக் கவனமாப் பாத்துக்கங்க, இந்தக் கரையில வலை இருக்கு, அங்கால போய் ஓடுங்க" எண்டன். அவன் மாமாட ரெண்டு கையையும் புடிச்சுக் குலுக்கி, நெஞ்சுல கைய வச்சுக் குனிஞ்சுட்டு, சொன்ன மாதிரியே அங்கால போயிட்டான். வலை தப்பிச்சு. ஆனா மாமாக்கு மனசு ஆறல்ல: "நான் ஏசின ஏச்சுக்கு இவன் நன்றி சொல்லிட்டுப் போறான். உங்கட இங்கிலிஷ்ல மொளகாத்தூள் காணாது மருமகன்."

தேத்தண்ணி குடிக்காத விருந்தாளி

போட்டிக்கு ரெண்டு பேர் கதைக்கிற உரையாடல் ஒண்டு எடுத்தன். ஸஹ்ரா வீட்டுக்காரி, நுஸ்கியா விருந்தாளி. ரெண்டும் நல்ல கெட்டிக்காரப் புள்ளைகள். ஸஹ்ரா "டீ குடிப்பீங்களா?" எண்டு கேக்கணும், நுஸ்கியா "யெஸ், பிளீஸ்" எண்டு சொல்லணும். பிறகு ஊரைப் பத்தி, கடலைப் பத்தி அழகான வசனங்கள் எழுதி வச்சிருந்தன். அந்த வசனங்களுக்கு நாங்க போய்ச் சேரவே இல்ல. ஸஹ்ரா கேப்பா, நுஸ்கியா "நோ, தேங்க் யூ" எண்டுவா. ஸஹ்ரா வற்புறுத்துவா, நுஸ்கியா இப்பதான் குடிச்சன் எண்டுவா. எழுதாத வசனத்துல ரெண்டும் வெளுத்து வாங்குதுகள், எழுதின வசனம் ஒண்டும் வாயில வராது.

"இங்கிலிஷ்காரன்ட வீட்டுல வேணாம் எண்டா வேணாம்தான். கேத்தலைத் திருப்பிக் கொண்டு போயிடுவான்" எண்டு விளங்கப்படுத்தினன். நுஸ்கியாட கண் கலங்கிட்டு, "ரெண்டாந்தரம் கேக்கவே மாட்டாங்களா சேர்? பாவம் அவங்கட சொந்தக்காரங்க" எண்டா. ஒரு வழியா "யெஸ், பிளீஸ்" சொல்லப் பழக்கி எடுத்தன். அடுத்த நாள் காலையில நுஸ்கியாட உம்மா பள்ளிக்கூடக் கேட்டடியில நிக்கிறா. ராத்திரி பெரியம்மா வீட்டுல புள்ளை முதல் கேள்வியிலயே ஓம் எண்டுட்டாளாம். "சேர், நீங்க என்ன பாசையும் படிப்பியுங்க. ஆனா கேட்ட உடனே கைய நீட்டுற புள்ளை எண்டு பேர் வந்தா, நாளைக்கு எங்கட வாசலுக்கு ஆரு பொண்ணு கேட்டு வருவான்?"

மணி அடிச்சுது

போட்டிக்கு புத்தளத்துக்கு ஒரு வேன்ல போனம். வேன்ல புள்ளைகளை விட உம்மாமார் கூட. வழக்கமா இந்த மாதிரி நேரத்துலதான் நான் ஒரு வேலையை விட்டுட்டுக் கழண்டு போறது. இந்த முறை கழண்டு போக மனம் வரல்ல, அதுதான் எனக்குப் பயம். ரிஸ்வான்ட கட்டுரையில நாயை ஆடாக்கிற வேலை இன்னும் பாதியில கிடக்கு.

மேடையில ஸஹ்ரா கேட்டா, "டீ குடிப்பீங்களா?" நுஸ்கியா வாயைத் தொறந்தா. முன் வரிசையில அவட உம்மா. வாய் மூடிட்டு. பிறகு, "நோ, தேங்க் யூ." ஸஹ்ரா விடல்ல, கொஞ்சம் குடிங்க எண்டா. இவ, இப்பதான் வீட்டுல குடிச்சன் எண்டா. அவ, எங்கட வீட்டுத் தேத்தண்ணி பிடிக்காதா எண்டு கோவிச்சா. இவ, கரைச்சல் படாதீங்க எண்டா. எல்லாம் இங்கிலிஷ்ல, ஒரு தடங்கல் இல்லாம! மண்டபத்துல இருந்த எல்லா ஊர் உம்மாமாரும் சிரிக்கத் தொடங்கிட்டாங்க. நேரம் முடிஞ்சு, நேரம் பாக்கிறவர்ட கை மணிக்குப் போகுது. அடிக்க ஒரு நொடி முந்தி நுஸ்கியா பெருமூச்சு விட்டு, "ஓகே, ஹாஃப் கப்" எண்டா. மண்டபம் இடிஞ்சு விழுற மாதிரி கைதட்டு.

மூணாம் இடம். சிலாபத்துப் பக்கத்துல இருந்து நடுவரா வந்த கன்னியாஸ்திரி ஒருத்தர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: "ஊரைப் பத்தி ஒரு வசனமும் வரல்ல, மார்க்ஸ் வெட்டினன் சேர். ஆனா அந்தப் புள்ளை கடைசி வரைக்கும் குடிக்காமலே போயிடுவாளோ எண்டு எனக்குத்தான் பதைப்பாப் போச்சு."

கேத்தல் திரும்பிப் போன கதை

வருசக் கடைசி நாள். புள்ளைகள் போன பிறகு அதிபர் என்னைக் கூப்பிட்டார். "சங்கத்துல கதைச்சிட்டம் சேர். வாற வருசமும் நிக்கிறீங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒரு வருசமா ஒரே சேட்டோட அலைஞ்சது. ஆனா வளர்த்த வளர்ப்பு இருக்கே. என்ட வாய் அதுபாட்டுக்கு, "எதுக்கு சேர், உங்களுக்குக் கரைச்சல். நல்லாப் படிச்ச ஆள் ஒருத்தர் வந்தா அவரப் போடுங்க" எண்டுது. இப்ப அவர் ரெண்டாந்தரம் கேப்பார், பிறகு மூணாந்தரம், நான் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு ஓம் எண்டு சொல்லுவன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "சரி சேர், உங்கட விருப்பம்" எண்டுட்டு, கேட்டைப் பூட்டுற திறப்புக் கோர்வையை எடுத்துக்கிட்டு எழும்பிட்டார்.

வீட்ட போற வழி முழுக்க சைக்கிள் கிறீச் கிறீச் எண்டுது. வாசல்ல கொடியில புது வெள்ளைச் சேட்டு ரெண்டு காயுது. "இதென்ன உம்மா?" "நீதான் இந்த முறை ஓடல்லையே" எண்டா உம்மா. நான் நடந்ததச் சொன்னன். எனக்கு நடக்கப் பழக்கின நாள்ல இருந்து, கேட்ட உடனே ஓம் சொல்லாத எண்டு கிள்ளிக் கிள்ளி வளர்த்த உம்மா, விளக்குமாத்த எடுத்தா. "கேட்ட உடனே ஓம் எண்டு சொன்னா என்னடா குறைஞ்சு போயிடும்? போடா திரும்பி!"

நான் போகக்குள்ள அதிபர் கேட்டைப் பூட்டிக்கிட்டு நிக்கிறார். சைக்கிளைப் போட்டுட்டு, மூச்சு வாங்க, றோட்டுல நிண்டு "யெஸ், பிளீஸ்!" எண்டு கத்தினன். மனுசன் சிரிக்கவே இல்ல. பூட்டை ஒருக்கா இழுத்துப் பாத்துட்டு, திறப்பைச் சேட்டுப் பைக்குள்ள போட்டுட்டு, மெதுவாச் சொன்னார்: "சரி, வாற வருசமும் வாங்க. நீங்க படிப்பிச்சதப் பாத்துத்தான் நானும் ஒரு தரத்தோட நிப்பாட்டினன் சேர். நுஸ்கியா மணி அடிக்க முந்தியே சொன்னா, நீங்க, நான் கேட்டைப் பூட்டின பிறகு சொல்லுறீங்க."

ஆக, என்னோட சேர்ந்து அவதிப்படுற சேர்மாரே, டீச்சர்மாரே, வருசம் முழுக்கத் தொண்டை கிழியப் படிப்பிக்கிற பாடத்துல கடைசியில மயிரிழையில பாஸ் ஆகுறது நாங்கதான்.