மேலிருந்து மூணாவது வரி

திண்டுக்கல்ல ஒரு மாடியில இருந்த சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில நான் புரோகிராம் எழுதிக்கிட்டு இருந்தேன். ரெண்டாயிரத்து ஒண்ணோ ரெண்டோ. ஒரு ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடுறதுக்கு ஒண்ணு எழுதிக் குடுத்திருந்தோம். அங்க கவுன்ட்டர்ல இருந்த அக்காவுக்குத் தமிழ் பேப்பர் தண்ணி பட்ட பாடு. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால இங்கிலீஷ் மெனுவை வரி எண்ணி வச்சிருந்தாங்க. காலையில வந்தவங்க பேரையெல்லாம் ஏத்திட்டு, மேலிருந்து மூணாவது வரியை அழுத்துனா மொத்த டோக்கனும் அச்சாகும்.

புது வெர்ஷன் போட்டது நான்தான். மேல ஒரு வரியைச் சேர்த்தேன். டோக்கன் அடிக்கிற 'எக்ஸிக்யூட் ஸ்பூல்' நாலாவதுக்குப் போயிருச்சு. மூணாவதுல 'ரீஇனிஷியலைஸ்' வந்து உக்காந்துக்கிச்சு. அன்னைக்கு ஏத்துன பேரையெல்லாம் துடைச்சுப் போடுற வரி அது. அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. எழுதித்தானே இருக்குன்னு ஒரு திமிரு.

மறுநாள் அக்கா வழக்கம்போல மூணாவதை அழுத்திட்டாங்க. அய்யலூர்ல முதல் பஸ் பிடிச்சு வந்தவங்க, ரெட்டியார்சத்திரத்துல இருந்து கைப்பிள்ளையோட வந்தவங்க, அம்புட்டு ஆளுக பேரும் போச்சு. நான் போய்ச் சேர்றப்ப ஒரே கூச்சல். "படிக்காத ஆளை உக்கார வச்சா இப்படித்தான். நாளையில இருந்து வராதீங்க"ன்னு ஆஸ்பத்திரி மேனேஜர் அக்காவைப் பாத்துக் கத்திக்கிட்டு இருந்தார். அக்கா சம்பளத்துலதான் அவங்க வீட்டுல உலை கொதிக்குது.

"சார், தப்பு என்னுது"ன்னேன். அவர் காதுலயே போட்டுக்கலை.

அக்காவை ஓரமாக் கூட்டிட்டுப் போய், ஒவ்வொரு வேலைக்கும் அவங்க வாயில என்ன வருதுன்னு கேட்டேன். சொன்னதை அப்படியே மெனுவுக்குன்னு எழுதிக்கிட்டேன். புதுசா வந்தவங்க. முன்னாடியே வந்தவங்க. டோக்கன் அடி. இன்னைக்கு எழுதுன பேரையெல்லாம் அழிச்சிரு. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாங்கக்கா"ன்னு சொல்லி அனுப்பினேன்.

கம்பெனிக்குப் போய் அதை ஏத்திக் காட்டினா, எங்க முதலாளிக்கு மூக்குக்கு மேல கோவம். "என்னம்மா இது, டீக்கடை போர்டு மாதிரி? பாக்குறவன் சிரிப்பான். பழசையே போடு."

"டீக்கடை போர்டைப் படிச்சுட்டு எவனும் மண்ணெண்ணெய் வாங்கிக் குடிச்சதில்லை சார்." வேலை போனாப் போகுதுன்னு, மறுநாள் காலையில மாத்தாமலே கொண்டுபோய்ப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில மேனேஜரும் அதே பாட்டைப் பாடினார். "படிச்சவங்க உபயோகிக்கிற மாதிரி இருக்கணும்மா." அக்கா உள்ள வரலாமா வேணாமான்னு வாசல்லயே நிக்கிறாங்க. நான் பழைய இங்கிலீஷ் மெனுவைத் திறந்து வச்சு நாற்காலியைக் காட்டினேன். "நீங்க படிச்சவர்தானே சார், உக்காந்து டோக்கன் அடிங்க."

உக்காந்தார். 'கமிட்', 'ரீஇனிஷியலைஸ்', 'எக்ஸிக்யூட் ஸ்பூல்' எல்லாத்தையும் சுத்தமான இங்கிலீஷ்ல சத்தமா வாசிச்சார். விரல் மட்டும் இறங்கலை. "இதுல டோக்கன்னு ஒண்ணையும் காணோமே"ன்னார்.

வரிசையில நின்ன ஒருத்தர், "என்னய்யா, விடிஞ்சதுல இருந்து நிக்கிறோம்"னு சத்தம் போட்டார்.

அக்கா விறுவிறுன்னு உள்ள வந்தாங்க. "சார், எந்திரிங்க. ஆளுக நிக்கிறாங்க."

எந்திரிச்சார்.