மேளத்துக்கு அனுமதி

எகிப்தின் போர்ட் சையத் நகரத்து ஷாஹிந்தாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பகலில் சீருடை தைப்பாள்; மாலையில் வீடியோ கேம் ஆடி நேரலையில் காட்டுவாள். அன்று அவள் ஜெயித்த நேரம், தெருவில் போன கல்யாண மேளமும் ஜன்னல் வழியே பதிவாகிவிட்டது. காப்புரிமை மீறல் என்று நேரலைத் தளம் பதிவின் ஒலியையே அடைத்தது. இசைக்கு உரியவரின் அனுமதியைக் கேட்டது.

மேளக்காரர் பரக்காத், "எங்க பாட்டன் காலத்து அடிம்மா, தாராளமா போட்டுக்கோ," என்றார். அதையே எழுதி அனுப்பினாள். அந்த அடி ஏதோ கம்பெனிக்குச் சொந்தம் என்று பதில் வந்தது.

மறுநாள் நேரலையில் அந்தக் கம்பெனியைக் கிழிகிழியென்று கிழித்தாள். வெளியே இன்னொரு கல்யாண மேளம், திட்டும் அடைபட்டது.

மூன்றாம் நாள் திட்டுகளை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி கேமரா முன் நீட்டினாள். பக்கத்தில் மேளத்தோடு பரக்காத்.

"நல்லா அடிங்க மாமா! இப்ப எவன் என் வாயை அடைக்கிறான்னு பாப்போம்."