கடைசி வயலைத் தள்ளிய கணினி

கணினிக்கு நிரல் எழுதுகிறவர்கள் யாரையும் எளிதில் நம்புவதில்லை. அதிலும் பழைய கணினியில் வேலை செய்கிறவர்கள் மேசையையும் மின்சாரத்தையும்கூடச் சந்தேகிப்பார்கள். பழைய பெட்டிகளோடு மாரடிக்கும் சக பாவிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இராது. நான் இலங்கையின் வடக்கே, நெடுங்கேணியில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறேன். மிச்ச நேரத்தில், குளத்துத் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துப் பிரிக்கும் ஒரு திறந்த மூல மென்பொருளை, முகம் தெரியாத சில வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து பராமரிக்கிறேன். வேலை இலவசம். கிடைக்கும் ஏச்சும் இலவசம்.

மெசினின் மச்சான்

எங்கள் பக்கத்து விவசாயிகளின் கமக்கார அமைப்பு இந்த மென்பொருளை ஏற்றதே சண்டையை நிறுத்தத்தான். கையால் முறை போட்ட காலத்தில், ஆள் பார்த்துப் போடுகிறார்கள் என்று தண்ணீர் குறைவான ஒவ்வொரு சிறுபோகத்திலும் வாக்குவாதம். அதனால் அமைப்பின் மண்டபத்தில், வெளிநாட்டில் யாரோ கழித்து அனுப்பிய பழைய கணினி ஒன்றில் கணக்குப் போடுவதென்று தீர்மானித்தார்கள். போன போகம் வரை ஒரு முணுமுணுப்பும் இல்லை. இந்தப் போகத்துக்கு நான் புதிய பதிப்பைப் போட்டேன்.

வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் இல்லை என்றது கணினி. அது சிவபாக்கியம் அக்காவின் வயல். கதிர் பறிந்து வெளியே வரும் பருவம். இந்த முறை தவறினால் நெல் மணி பிடிக்காமல் சப்பியாகிவிடும். அவருடைய தண்ணீர் நேரம் முழுவதும் முதல் வயலுக்குப் போயிருந்தது. முதல் வயலோ அமைப்பின் செயலாளர் கனகரத்தினம் அண்ணையின் மச்சானுடையது. பிறகு சொல்லவா வேண்டும்? அக்கா என் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். “ரீச்சர், மெசினுக்குச் சொந்தபந்தம் இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இப்ப பாத்தா அதுக்கும் ஒரு மச்சான் இருக்கிறார்.”

என்னிடம் சரி, அங்கே பிழை

நானும் முதலில் செயலாளரைத்தான் சந்தேகித்தேன். தரவுகளைத் துருவினேன். ஏக்கர் சரி, வயல்களின் வரிசை சரி, ஒருவரும் கை வைத்த அடையாளம் இல்லை. அதே தரவை என் மடிக்கணினியில் ஓட்டினால் அக்காவின் நேரம் ஒழுங்காக வந்தது. மண்டபத்துக் கணினியில் வரவில்லை.

அப்போதுதான் தொகுப்பியின் மேல் கண் வைத்தேன். நாங்கள் எழுதுவதைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பி. போன பதிப்புவரை அந்தப் பழைய பெட்டிக்கு ஆயத்தமாகவே வந்தது, இப்போது யாரும் அப்படி வெளியிடுவதில்லை. மூல நிரலை இறக்கி, அந்தப் பெட்டியில் இருக்கும் பழைய தொகுப்பியால்தான் மாற்ற வேண்டும். ஆனால் ‘பிழை என்னிடம் இல்லை, தொகுப்பியில்’ என்று சொல்கிறவரை எங்கள் தொழிலில் என்ன சிரிப்போடு பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல், இந்த முறைக்கு என் மடிக்கணினியின் கணக்கையே எடுப்போம் என்று மட்டும் செயலாளரிடம் சொன்னேன். கனகரத்தினம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதை எடுத்தா, களவு பிடிபட்ட பிறகு நான் திருத்திப்போட்டன் எண்டெல்லோ சனம் கதைக்கும்.”

பார்த்தால் நல்லபிள்ளை

கணக்கு எங்கே பிசகுகிறது என்று அறிய, நடுவில் வரும் எண்ணைத் திரையில் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது. அந்த வரியை எடுத்தேன். அக்காவின் வயல் காணாமல் போனது. சேர்த்தால் வருகிறது, எடுத்தால் போகிறது. என்னை வைத்து விளையாடுகிறதோ என்று அந்தப் பெட்டியை முறைத்துப் பார்த்தேன். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்தது. பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து கவனித்த அக்காவுக்கு மட்டும் ஒரு ஆச்சரியமும் இல்லை. “தண்ணி களவெடுக்கிறவனும் உப்பிடித்தான் ரீச்சர். வாய்க்கால்ல ஆள் நிண்டா அவனைப்போல நல்லவன் இல்லை.”

தூரத்து ஆறுதல்

கடைசியில் பிடித்துவிட்டேன். வாய்க்காலில் மிஞ்சும் நேரமும் அக்காவுக்கு வேண்டிய நேரமும் ஒன்றேதான். ஆனால் நிரல் வேகமாக ஓடுவதற்கான தெரிவைப் போட்டால், பழைய தொகுப்பி ஒரு எண்ணைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் நீண்ட வாலோடும் மற்றதை வாலை வெட்டியும் வைத்துக்கொள்கிறது. பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, நேரம் போதாது என்று தானே முடிவெடுத்து, மிச்சத்தை முதல் வயலுக்குக் கொடுத்துவிடுகிறது. திரையில் காட்டச் சொன்னால் இரண்டு வாலும் வெட்டுப்படும், கணக்கும் சரிவரும்.

தொகுப்பியைப் பராமரிப்பவர்களின் மன்றத்தில் சான்றுகளோடு எழுதினேன். பதில் வந்த வேகத்தைப் பார்த்தால் பதில் போட்ட மனிதர் என் முதல் வரியைத் தாண்டவில்லை என்றே நினைக்கிறேன். “இது எல்லோரும் அறிந்த பழைய விடயம், உங்கள் கணினியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டுப் புதியதற்கு மாறுங்கள்.”

தலைப்பும் கடையும்

எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. மதகைத் திறக்கும்போது வாய்க்கால் தொடங்கும் இடத்துத் தலைப்பு வயல்காரர் ஒருவரும் அது முடியும் இடத்துக் கடை வயல்காரர் ஒருவரும் பக்கத்தில் நிற்க வேண்டும். தொகுப்பதற்கும் அப்படியே நடக்கட்டும் என்றது அமைப்பு. ஆகவே எனக்கு வலப்பக்கம் மச்சான், இடப்பக்கம் அக்கா. வேகத் தெரிவை எடுத்துவிட்டு நான் தொகுக்கத் தொடங்க, திரையில் ஓடிய ஆங்கில வரிகளை இருவரும் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நடுவில் வந்த ஓர் எச்சரிக்கை வரிக்கு மச்சான் விளக்கம் கேட்டு, அது தன் வயலைப் பற்றியதல்ல என்று நான் உறுதி சொன்ன பிறகுதான் விட்டார். அக்காவின் நேரம் வந்தது. அடுத்த நாள் காலை அவருடைய வயலுக்குள் தண்ணீர் பாய்ந்ததைப் பார்க்க எனக்குச் சரியான சந்தோஷம்.

பிழை கணினியில்தான், செயலாளர் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று கூட்டத்தில் எழுந்து விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காவும் ஆட்டினார். தலையாட்டி முடித்து, அதே கூட்டத்தில் வேறொருவரைச் செயலாளராகத் தெரிந்தெடுத்தார்கள். கனகரத்தினம் அண்ணை மண்டபத்துப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். “பிழை மெசினிலதான் எண்டு வடிவா விளங்கப்படுத்தினீங்கள் ரீச்சர். ஆனா மெசினை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு என்னையெல்லோ அனுப்பிப்போட்டினம்.”

தொகுப்பியின் வேகத்தைக் குறைக்க எனக்கு வழி தெரிந்தது. சனம் ஒரு ஆளைக் கள்ளனென்று முடிவெடுக்கும் வேகத்தைக் குறைக்கும் தெரிவை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.