அஸ்தம்பட்டிச் சாலையில் பூட்டியிருந்த கதவு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, பினாயில் வாடை எங்கே எழுந்தாலும் என் நாவு இன்றும் வறண்டுபோகிறது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். ஜலகண்டாபுரத்தில் தறி நெய்து பிழைத்த எங்கள் வீட்டுப் பெண்கள், ஆடித் திருவிழாவுக்குச் சேலம் புறப்படும்போதெல்லாம், முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து ஒரு மிடறு நீரும் பருகமாட்டார்கள். அதனைத் "தண்ணி விரதம்" என்பார்கள். அம்மனுக்குரிய நோன்பென்றே நம்பி நானும் வாயைக் கட்டிக்கொண்டு பெருமைப்பட்டேன்.

அவ்வாண்டு என் அக்காள் கர்ப்பமாயிருந்தாள். "மாசமா இருக்கறவ, குடிச்சாகோணும்" என்று அம்மா ஒரு சொம்பு நீரைப் புகட்டிவிட்டாள். "அம்மன் கோவிச்சுக்காதா?" என்று நான் பதறவும், பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அம்மன் எங்கடி கேட்டுச்சு?" என்றாள் அத்தை.

கரிப்புகை கக்கிய பேருந்திலிருந்து இறங்கி, அஸ்தம்பட்டியில் இருந்த உறவினர் வீட்டை நோக்கி நடக்கையில் அக்காள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எதிரே, ஏற்காடு செல்லும் வெள்ளைக்காரர்களுக்கென்று கட்டிய "கக்கூஸ்", சுண்ணாம்பு வெண்மையும் பினாயில் வாடையுமாகப் பூட்டிக் கிடந்தது.

"ஏனுங்க, புள்ளத்தாச்சிங்க. ஒருக்காத் தொறந்து உடுங்க" என்று அம்மா அதன் வாசலில் நின்ற காவலரிடம் கைகூப்பினாள்.

"தொறந்தா என்ற பொழப்புப் போயிருமுங்க அம்மணி. இது மலைக்குப் போற தொரசானிகளுக்குங்க."

"உள்ளுக்குள்ள ஆராச்சும் இருக்கறாங்களா?"

"ஒருத்தரும் இல்லீங்க" என்று அவர் தலைகுனிந்தார்.

நடுப்பகலில், மண் சாலையோரத்தில், அம்மாவும் அத்தையும் முந்தானைகளை விரித்துச் சுவராக நிற்க, அதற்குள் அக்காள் குந்தினாள். அந்நேரம் பார்த்து ஒரு மோட்டார் வந்து நின்றது. காவலர் சாவியோடு ஓடினார். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி எங்களைப் பார்த்தவாறே உள்ளே போனாள். அக்காள் பாதியில் எழுந்துவிட்டாள். உள்ளே வாளி வாளியாக நீர் ஊற்றும் ஓசை கேட்டது. அப்பொழுதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

"அப்போ விரதம் அம்மனுக்கு இல்லியாம்மா?" என்றேன்.

"அம்மனுக்கு என்ன கண்ணு, அது கோயிலுக்குள்ள இருக்குது. ரோட்டுல நிக்கறது நாமதான்" என்றாள் அம்மா.

அக்காள் அதன்பின் சாகும்வரை சேலத்திற்கு வரவேயில்லை.

இன்று அந்தக் கட்டடமும் இல்லை, பூட்டும் இல்லை. துரைசானிகள் போய்ச் சுற்றுலாக் கூட்டம் மலையேறுகிறது. சென்ற மாதம் அக்காளின் பேத்தி தோழியரோடு ஏற்காடு போய்வந்தாள். அவள் கொண்டுபோன தண்ணீர்ப் புட்டி திறக்கப்படாமலே திரும்பி வந்திருந்தது. ஏனென்று கேட்டேன். "வழியில எங்கீங்க போறது, அம்மாயி?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இக்கடிதத்தைத் தயைகூர்ந்து பத்திரப்படுத்தி வையுங்கள்.