குகைக்குள் சொன்ன பாங்கு

பாறைச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தால் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தோம். தடவித் தடவி மறுபடியும் அதே ஈரப் பாறைக்கே வந்து நின்றோம். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

நான் திருமலைராயன்பட்டினத்துக்காரன். ஓமனில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். என் அறைத் தோழன் செல்வத்துக்குப் பக்கத்து ஊரான நெரவி. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து மலைப்பக்கம் போனோம். சாலையோரத்தில் ஒரு குகை தெரிந்தது.

"சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துடுவோம் பாய்" என்றான் செல்வம்.

எட்டிப் பார்க்கப் போனவர்கள் வெகுதூரம் உள்ளே போய்விட்டோம். திரும்பினால் வழி பல கிளையாகப் பிரிந்து கிடந்தது. செல்வம் வழுக்கி விழுந்தான். கணுக்கால் பிசகியது, கையிலிருந்த போனும் உடைந்தது. கொஞ்ச நேரத்தில் என் போனிலும் சார்ஜ் தீர்ந்து டார்ச் அணைந்தது.

அப்படியொரு இருட்டு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். தொண்டை கம்மும்வரை இருவரும் கத்தினோம். போட்ட சத்தமெல்லாம் சிதறி எங்கள் மேலேயே விழுந்தது.

செல்வம் அழுதான். "எம் பொண்டாட்டி மாசமா இருக்கா பாய். நாம இங்க கெடக்குறது யாருக்குத் தெரியும்?"

"அல்லாவுக்குத் தெரியும்டா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தைரியம் வந்தது.

துஆ கேட்டேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "யா அல்லாஹ், யாரையாவது அனுப்பு. இவன் பிள்ளை முகத்தைப் பார்க்கணும்." அவ்வளவுதான்.

மாலை அஸர் தொழுகை நேரம் ஆகியிருக்கும் என்று தோன்றியது. கை கால் கழுவத் தண்ணீர் இல்லை. உலர்ந்த பாறையில் கைவைத்து, முகத்தையும் கைகளையும் தடவித் தயம்மும் செய்தேன். தொழ நோக்க வேண்டிய கிப்லா எந்தப் பக்கம்? அல்லாஹ் அறிவான் என்று ஒரு பக்கம் திரும்பி நின்றேன். தொழும் முன், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னேன். யாருக்கும் கேட்கும் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஊர்ப் பள்ளிவாசலில் மோதினார் சொல்வதுபோல் காதில் கைவைத்து, கம்மிய குரலிலேயே நீட்டிச் சொன்னேன்.

தொழுது ஸலாம் கொடுத்து முடித்ததும் செல்வம் என் கையைப் பிடித்தான்.

"பாய், இன்னொரு தடவை சொல்லுங்க! யாரோ கூப்புடுறாங்க!"

மறுபடி சொன்னேன். பதிலுக்கு அரபியில் ஓர் ஆண்குரல். நான் சொல்லச் சொல்ல அது நெருங்கி வந்தது. பாறை இடுக்கில் வெளிச்சம் அசைந்தது. அந்த வெளிச்சத்தைக் கண்டதும் நான் குழந்தைபோல் அழுதேன்.

வந்தவர் ஓர் ஓமானி. குடும்பத்தோடு மலைக்கு வந்தவர், அஸர் தொழக் குகை வாசலில் காரை நிறுத்தியிருக்கிறார். "இங்கே பள்ளிவாசலே இல்லையே, பாங்கு எங்கிருந்து வருகிறது?" என்று அவர் மகள்தான் கேட்டாளாம். அவர் டார்ச்சோடு உள்ளே வர, அவர் மனைவி வெளியே கார் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே, செல்வத்தைத் தாங்கியபடி வெளியே வந்தோம். அந்த அம்மா எங்களுக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்தார்.

செல்வத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் ஊருக்கே திரும்பிவிட்டோம். முன்பெல்லாம் கஷ்டம் வந்தால் ஊரிலுள்ள ஆட்களையெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில்தான் துஆவுக்கு உட்காருவேன். இப்போது அதில்தான் தொடங்குகிறேன்.

சகோதர சகோதரிகளே, மீன் விழுங்கிய பின் அதன் வயிற்று இருட்டிலிருந்து அழைத்த நபிக்குப் பதில் சொன்ன அல்லாஹ் என்னையும் கைவிடவில்லை. நோயோ, வறுமையோ, நீங்கள் எந்த இருட்டில் இருந்தாலும் அவனைக் கூப்பிடுங்கள். வார்த்தை வராவிட்டாலும் கூப்பிடுங்கள். அவனுக்குக் கேட்கும். அல்ஹம்துலில்லாஹ்.