ஏற்பு முத்திரை

நான் எட்டாவது வரை படித்தவன். செங்கல்பட்டில் ஓர் ஆய்விதழ் அலுவலகத்தில் பியூன். ஆசிரியர் ஒரு கட்டுரையை ஏற்றுக்கொண்டால், அதில் ஏற்பு முத்திரையும் அன்றைய தேதியும் குத்தி வரிசையாக அடுக்குவேன். எட்டு சேர்ந்தால்தான் இதழ் அச்சுக்குப் போகும். ஒரு வருஷம்கூட ஆகும்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு கல்லூரி வாத்தியார் வருவார். மீனவர் வீட்டுப் பிள்ளை. குப்பத்துக் கிணறுகளில் உப்பேறுவதைப் பற்றிய அவர் கட்டுரை ஏற்கப்பட்டு அடுக்கில் கிடந்தது. அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. கட்டுரை வெளிவந்ததைப் பார்த்துவிட வேண்டும் என்பார்.

“இன்னா அண்ணாத்த, நம்ம சரக்கு இன்னும் குடோன்லதான் கீதா?”

“இன்னும் மூணு வரணும் சார்.”

“மூணையும் நானே எழுதிக் குடுத்துட்டா?” சிரிப்பார். கால் வீங்கியிருக்கும்.

இன்டர்நெட் வந்த புதிது. அலுவலகக் கூட்டத்தில், துணை ஆசிரியராக இருந்த அம்மா சொன்னார்: “ஏத்துக்கிட்ட அன்னைக்கே நெட்ல போட்டுடலாம் சார்.”

“அச்சுக்குப் போறதுக்குள்ள எத்தனை தப்பு பிடிக்கிறோம்? வெளிய விட்டுட்டா திரும்ப வாங்க முடியுமா?” என்றார் ஆசிரியர்.

“தப்பைத் திருத்திக்கலாம். எழுதினவங்க எத்தனை நாள் காத்திருப்பாங்க?”

நான் டீ வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று கூட்டம் இதே பேச்சு. கடைசியில் ஒரு விதி போட்டார்கள். இனி ஏற்கும் கட்டுரை உடனே நெட்டில். அடுக்கில் இருப்பவை பழையபடி அச்சில்.

அடுத்த முறை வாத்தியார் வந்தபோது சொன்னேன்.

“இன்னிக்குத் தேதி போட்டு புதுசா ஒண்ணு குத்து அண்ணாத்த. எவனுக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும் சார்.”

“பெரிய ஜட்ஜு நீ,” என்றார். கோபமில்லை. பஸ்சுக்குப் போய்விட்டார்.

அவர் கட்டுரையையும் நெட்டில் போடலாமா என்று அந்த அம்மாவிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுக்குவதுதான் என் வேலை என்று இருந்துவிட்டேன்.

இதழ் வந்தபோது அவர் இறந்து இருபது நாள். பெயருக்குப் பக்கத்தில் சின்னக் குறி போட்டு, கீழே ‘மறைந்தவர்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

எழுதியவருக்கு அவர் கட்டுரையை மட்டும் இருபத்தைந்து பிரதி தனியாகக் கொடுப்பது வழக்கம். தபாலில் அனுப்பச் சொன்னார்கள். நானே எடுத்துப்போனேன். அவர் மனைவி கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

“இத்தினி எதுக்குண்ணா?”

“தெரிஞ்சவங்களுக்குக் குடுப்பாங்கம்மா.”

“யாராருக்குன்னு அவரு சொல்லலியே.”

ஒன்றை எடுத்து நீட்டினார். “நீங்க ஒண்ணு வெச்சிக்கங்க. வூட்ல உங்களப் பத்திப் பேசுவாரு.”

வாங்கிக்கொண்டேன். என்ன பேசுவார் என்று கேட்கவில்லை.