கவர்னருக்காகக் காத்திருந்த மூன்று சக்கர வண்டி

எந்த ஊராக இருந்தாலும் சேவைக் கழகத்தின் தலைவராக ஒரு கார் வேண்டும், பொருளாளராகக் கடுகடுத்த முகம் வேண்டும், செயலாளராவதற்கு மட்டும் காலியாக ஒரு குடோன் இருந்தால் போதும். அரியலூரில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி விற்றுப் பிழைக்கிற நான் அப்படித்தான் செயலாளர் ஆனேன். உங்களில் யாராவது சங்கம், மன்றம், கழகம் என்று எதிலாவது மாட்டிக்கொண்டு, சொந்தக் கல்யாண நாளன்றுகூட மைக் செட்காரரைத் தேடி அலைந்திருந்தால், நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டால் போதும்.

பதவி தேடி வந்த கதை

எங்கள் தலைவர் அருணாசலம் போர்வெல் லாரி வைத்திருப்பவர். ஒரு நாள் காலையில் கடைக்கு வந்தார். மின்விசிறி வாங்கத்தான் வருகிறார் என்று நான் குளிர்ந்துபோய் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. நேரே பின்பக்கம் போய்க் குடோனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து, "இந்த வருஷம் நீங்கதான் செகரட்டரி" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இருந்தாலும் அடக்கமாக, மேடையில் பேச வராது, கடிதம் எழுத வராது, நாலு பேரை அதட்டி வேலை வாங்கவும் வராது என்று என் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். பழைய செயலாளர் தன் குடோனை உர மூட்டைக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார் என்பதும், கழகத்தின் பேச்சு மேசை, கூட்ட மணி, கொடிக்கம்பம், முப்பது பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் அவர் வீட்டு வாசலில் வெயிலில் நிற்கின்றன என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"திறமையெல்லாம் போகப் போக வந்துரும்ங்க. ஷட்டர் எத்தனை அடி, அதச் சொல்லுங்க."

பாயா ஆறுவதற்குள்

எங்கள் அகராதியில் 'தோழமை' என்றால் சாப்பாடு. அழைப்பிதழில் 'கூட்டம் 6.30, தோழமை 7.30' என்று போடுவோம். கூட்டத்துக்கு ஒன்பது பேர் வருவார்கள். தோழமைக்கு நாற்பது பேர் வருவார்கள், சிலர் குடும்பத்தோடு.

ஐப்பசிக் கூட்டத்தில் பேச இரண்டே விஷயங்கள். ஒன்று, குடும்பச் சுற்றுலாவில் மதியத்துக்கு என்ன போடுவது. இன்னொன்று, செந்துறையிலிருந்து கஸ்தூரி என்ற பெண் எழுதியிருந்த கடிதம். இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு இரண்டு கால்களும் நடக்க வராது. செந்துறை தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் மனு அடிக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து கடைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று கொடுத்தால், தை பிறந்ததும் வேலையில் சேர்ந்துவிடுவேன் என்று எழுதியிருந்தார்.

முதல் விஷயம் ஒரு மணி நேரம் ஓடியது. பிரியாணிக் கட்சிக்கும் சாம்பார் சாதக் கட்சிக்கும் கைகலப்பு வராததுதான் பாக்கி. நான் கஸ்தூரியின் கடிதத்தை எடுத்தபோது பரோட்டாவும் ஆட்டுக்கால் பாயாவும் வந்து இறங்கின. உறுப்பினர்களின் கண்ணெல்லாம் வாசல் பக்கம் போய்விட்டது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் வந்து ஜவுளிக்கடை நடத்தும் ஹாஜா பாய் மட்டும் கடிதத்தை வாங்கி முழுசாகப் படித்தார். துபாயில் பதினாறு வருஷம் இருந்தவர், எந்தக் கூட்டத்தை எப்படி முடிப்பது என்று தெரிந்தவர். எழுந்து சொன்னார்:

"பாயா ஆறிப்போவுது. அந்தப் புள்ளைக்கு வண்டிய குடுத்துருவோம், இன்ஷா அல்லாஹ்." ஏகமனதாக நிறைவேறியது.

யார் வரணும்

மார்கழியில் வண்டி வந்து என் குடோனில் இறங்கியது. நீல நிறம், பளபளவென்று. மேலே பாலித்தீன் உறை. அன்றைக்கே செந்துறைக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் எங்கள் கழகத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. எந்தப் பொருளையும் கவர்னர் கையால்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் நினைக்கிற கவர்னர் இல்லை. இவர் பெரம்பலூரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். இரண்டு மாவட்டத்திலும் உள்ள எங்கள் கிளைகளுக்கெல்லாம் ஒரு வருஷத்துக்கு அவர்தான் கவர்னர். பெரம்பலூர் ஒரு மணி நேர பஸ் தூரம்தான். ஆனால் அவர் மார்கழியில் தேதி கொடுத்து மாற்றினார், தையில் கொடுத்து மாற்றினார். கோடைக்கு முன்கூட்டியே பறவைகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் கொடுக்கும் விழா ஏழு ஊரில் இருக்கிறதாம்.

தை பிறந்த வாரத்தில் கஸ்தூரியே கடைக்கு வந்துவிட்டார். அவர் அண்ணன் பஸ்சிலிருந்து தூக்கிவந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். முப்பது வயதிருக்கும், சுறுசுறுப்பான கண்கள். குடோனைத் திறந்து வண்டியைக் காட்டினேன். உறைக்கு மேலாகவே கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் மாசக் கடைசி வரைக்கும்தான் காத்திருப்பாராம், அதற்கு மேல் வேறு ஆளைப் போட்டுக்கொள்வாராம். நான் கவர்னரின் பெருமைகளை விளக்கினேன். விழா, புகைப்படம், மாவட்ட மடலில் செய்தி, சிறந்த கிளைக்குக் கேடயம் என்று அடுக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, உறையை மறுபடி நேராக இழுத்துவிட்டுக் கேட்டார்:

"பாத்துட்டுப் போறதுக்கு நான் வந்தாப் போதும்ங்க. வாங்கிட்டுப் போறதுக்கு இன்னும் எத்தனை பேரு வரணும்?"

ஒத்திகை

கழகத்தில் மாணிக்கம் சார் என்று ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருக்கிறார். மேடை மரபு முழுக்க அவர் பொறுப்பு. யார் பெயரை யாருக்கு முன்னால் சொல்ல வேண்டும், பொன்னாடையை எந்தத் தோளில் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கவர்னர் வருவாரோ மாட்டாரோ, ஒத்திகை நடந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

ஒத்திகையில் தலைவர் கவர்னராக நடித்தார். கஸ்தூரியாக நடிக்க ஆள் இல்லாததால் நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கவர்னர் என் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும், நான் நன்றியோடு நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஆறு தடவை நிமிர்ந்து பார்த்தும் சாருக்குத் திருப்தி வரவில்லை. எனக்கோ மனசெல்லாம் செந்துறையில் இருந்தது. அன்று காலையில்தான் கஸ்தூரி போன் செய்திருந்தார். திங்கட்கிழமை வரவில்லையென்றால் கடைக்காரர் வேறு பெண்ணைச் சேர்க்கப்போகிறார். நடக்க முடியாத ஒருத்திக்கு வாங்கிய வண்டியில், நடக்க முடிந்த நான் ஏறி உட்கார்ந்து நன்றி காட்டிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மாணிக்கம் சார் ஏழாவது தடவையும் தலையை ஆட்டினார்.

"மூஞ்சில கொஞ்சம் கஷ்டம் தெரியணும், செகரட்டரி. இப்புடிப் பாத்தா கடன் கேக்க வந்தவன வெரட்டுற மாதிரி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

ஞாயிறு மத்தியானம் அரியலூரே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும். அந்த நேரம் பார்த்துக் குடோனைத் திறந்தேன். ஹாஜா பாய் தன் கடைக்குத் துணி ஏற்றும் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். என் கடையிலிருந்து நானே திருடுவதுபோல ஒரு பயம். தலைவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். இனிமேல் தலைவர் குடோனுக்கு வந்து பார்க்க வேண்டுமென்றால் விழா வர வேண்டும், விழா வர வேண்டுமென்றால் கவர்னர் வர வேண்டும், அதற்குள் நம் இருவருக்கும் நரைத்துவிடும் என்று பாய் தைரியம் சொன்னார். அவருக்கு ஏற்கெனவே நரைத்திருந்தது.

செந்துறையில் வண்டியை இறக்கியதும் கஸ்தூரி ஏறி உட்கார்ந்து தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். சிரிப்பை அடக்கத் தெரியவில்லை அவருக்கு. எனக்கும்தான். ஆனாலும் செயலாளர் புத்தி போகுமா? விழா நடக்கும்வரை இது யாருக்கும் தெரியக்கூடாது, பாலித்தீன் உறையைப் பத்திரமாக மடித்து வைக்க வேண்டும், வண்டி புதிது மாதிரியே இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"ரகசியமா வச்சிக்கிறேன்ணே. ஆனா வண்டிய ரோட்டுல ஓட்டலாமில்ல?"

பன்னிரண்டாவது பொன்னாடை

கவர்னருக்கு வைகாசியில் ஒரு வழியாகத் தேதி கிடைத்தது. கிராமத்துக்கே போய்ச் சேவை செய்தால் படம் நன்றாக வரும் என்று அவர் ஆசைப்பட்டதால், விழாவைச் செந்துறைக் கல்யாண மண்டபத்தில் வைத்தோம். அதே நாளில் செந்துறையில் ஜமாபந்தி. பட்டா, நில அளவை, வாரிசுச் சான்று என்று தாலுகாவே மனுவோடு வந்து நிற்கும் நாள். விழாவுக்குப் போய்வரக் கஸ்தூரிக்குப் பதினொரு மணி வரைக்கும்தான் கடையில் அனுமதி கொடுத்திருந்தார்கள்.

காலை ஏழு மணிக்கே நானும் பாயும் போய் வண்டியைக் கழுவினோம். நாலு மாதச் செம்மண். முன்சக்கரம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பின்னால் ஜெராக்ஸ் கடைக்காரர் மாட்டியிருந்த விளம்பரத் தகட்டைக் கழற்றினோம். உறையைப் போர்த்தி, ரிப்பன் கட்டி, கஸ்தூரியை உட்கார வைத்து, முதல் தடவை ஓட்டுகிற மாதிரி கொஞ்சம் தடுமாற வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பத்து மணிக்கு வர வேண்டிய கவர்னர் பன்னிரண்டுக்கு வந்தார். பொன்னாடை போர்த்தும் படலம் தொடங்கியது. மொத்தம் இருபத்து மூன்று. நான் மைக்கில் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது பொன்னாடையில் கஸ்தூரியின் போன் அடித்தது. கடை வாசலில் அறுபது பேர் நிற்கிறார்கள், உடனே வராவிட்டால் நாளையிலிருந்து வரவே வேண்டாம் என்று கடைக்காரர் கத்தியது முன்வரிசை வரைக்கும் கேட்டது. கஸ்தூரி என்னைப் பார்த்தார். எந்த ஒத்திகையிலும் எனக்கு வராத முகம் அது.

நான் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "அடுத்து, வண்டி வழங்கும் நிகழ்ச்சி" என்றேன். பதினொரு பொன்னாடையும் ஐந்து வாழ்த்துரையும் அந்த ஒரு வாக்கியத்தில் போயின. மாணிக்கம் சார் என் இடுப்பில் கிள்ளினார். வலித்தது, பொறுத்துக்கொண்டேன். கவர்னர் இறங்கி வந்து ரிப்பனை வெட்டினார். "பயப்படாதம்மா, மெதுவா ஓட்டிக் காட்டு" என்றார். கஸ்தூரி தடுமாறவில்லை. ஒரே சுற்றில் வண்டியைத் திருப்பி, மைக் ஒயரை ஒரு கையால் ஒதுக்கி, நடுவழியில் நேராகப் போய், வாசல் சரிவில் இறங்கி, பாலித்தீன் உறை படபடக்க ரோட்டில் மறைந்துவிட்டார். மண்டபமே கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். கவர்னர் மட்டும் கத்தரிக்கோலோடு வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்தம்மா திரும்பி வருவாங்கல்ல? நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலியே."

நாற்பத்திரண்டு

தோழமை முடிந்து, அதாவது சாப்பிட்டு முடித்து, கார்கள் கிளம்பின. தாலுகா ஆபீஸ் பக்கம் வந்ததும் கவர்னர் காரை நிறுத்தச் சொன்னார். ஜெராக்ஸ் கடை வாசலில் நீல வண்டி நின்றது. உள்ளே கஸ்தூரி கம்ப்யூட்டரில் தலை நிமிராமல் மனு அடித்துக்கொண்டிருந்தார். கவர்னருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "பாத்தீங்களா, வண்டி குடுத்து ரெண்டு மணி நேரம்கூட ஆவல, வேலையிலயே சேந்துட்டாங்க" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் ஹாஜா பாயைப் பார்த்தேன். பாய் வானத்தைப் பார்த்தார்.

கவர்னர் புகைப்படக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கி உள்ளே போனார். கஸ்தூரியின் மேசை மேல் கையை ஊன்றி, எங்கள் கழகத்தின் வண்டியால் அவர் வாழ்க்கையில் என்ன மாற்றம் வந்திருக்கிறது என்று உருக்கமாகக் கேட்டார். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், முந்திக்கொண்டு வந்தவரை முறைத்தார். கஸ்தூரி அடிப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னார்:

"டோக்கன் வாங்கிட்டு அந்த வரிசையில நில்லுங்க சார். இப்பத்தான் நாப்பத்திரண்டு ஓடுது."

பயனாளிக்கு இரண்டே மணி நேரத்தில் வேலை வாங்கிக் கொடுத்த கிளை என்று அந்த வருஷம் எங்களுக்குக் கேடயம் கிடைத்ததிலிருந்து நான் தெரிந்துகொண்டது, நல்ல காரியம் எதுவானாலும் மேடைக்கு வருவதற்கு நாலு மாதம் முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்பதுதான்.